ராஜகுமாரன் ஏறாத வண்டி

பிப்ரவரி 3

கப்பல்காரருக்கு,

நான் போனை எடுப்பதில்லை என்று துறைமுக ஏஜெண்டிடம் முறையிட்டீர்களாம். இனியும் எடுக்க மாட்டேன். நீங்கள் போனில் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினால் என் கோபம் கரைந்துவிடும். இந்தக் கோபம் எனக்கு வேண்டும். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நீங்கள் கப்பலேறிய மறுநாள் காலையில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதன் முதுகில் கித்தான் போர்த்திய என்னவோ ஒன்று. பக்கத்து வீட்டுக்கு யாரோ குடிவருகிறார்கள் என்று நினைத்து, நான் பாட்டுக்குப் பல் செட் அச்சுக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் என் வேலை அறைக்குள் எட்டிப் பார்த்து, "எங்கம்மா இறக்கறது?" என்றார்.

"எதை?"

"உங்க வீட்டுக்காரர் வாங்கின காரை."

"கடல்ல இறக்குங்க," என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார் மனுஷர். வாசல் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

நம் முன்னறையையும் சமையலறையையும் சேர்த்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் இருக்கிறது. டயர்களில் காற்று இல்லை. நீலச் சாயம் வெயிலில் வெடித்து உரிந்து கிடக்கிறது. துணி காயப்போட இடமில்லை. பல் மருத்துவர்களிடமிருந்து அச்சு கொண்டுவரும் பையன்கள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வருகிறார்கள். எதிர்வீட்டு அம்மா, "புதுசா கார் வாங்கியிருக்கீங்களாமே?" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறார்.

கரைக்கு வந்துவிடுகிறேன், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை கேட்டிருக்கிறேன் என்று போன விடுமுறையில் சொன்னவர் நீங்கள்தானே? நான் நம்பினேன். நீங்கள் சத்தமில்லாமல் இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனீர்கள். உங்களுக்குப் பதிலாக இது வந்திருக்கிறது. இதோடு நான் குடும்பம் நடத்த வேண்டுமா?

வீட்டில் இருப்பவள்


பிப்ரவரி 27

வீட்டில் இருப்பவளுக்கு,

கடிதம் கிடைத்தது. எஞ்சின் அறையில் நின்றபடி படித்தேன். "கடல்ல இறக்குங்க" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தலைமை எஞ்சினியர் திரும்பிப் பார்த்து, "வீட்ல நல்ல செய்தியா?" என்றார். "ரொம்ப நல்ல செய்தி சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

நீ கேட்டது நியாயம். எனக்குச் சொல்லத் தெரிகிறதா பார்க்கிறேன். அந்தப் பட்டறைக்கு நான் போனேன். மேஜை, நாற்காலி, சுவரில் கடிகாரம் எல்லாம் இருந்தது. அங்கே என்னால் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. இருபது வயதிலிருந்து எஞ்சின் சத்தத்தில் தூங்கி எழுந்தவன் நான். கரையில் உட்கார்ந்தால் உனக்குத் தொந்தரவாகத்தான் இருப்பேன். உன் வேலை அறையில் வந்து நின்று, இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பேன். யோசித்துக்கொண்டே திரும்பி வரும் வழியில்தான் ஒரு பழைய கார் தரகருடைய கொட்டகையில் அந்த வண்டியைப் பார்த்தேன். மூடியைத் தூக்கினேன். எட்டு சிலிண்டர், எட்டும் ஒரே வரிசையில்! ஒரு சின்னக் கப்பல் எஞ்சின் மாதிரி. கரைக்கு வந்தால் எனக்கென்று ஒரு எஞ்சின் இருக்கும் என்று தோன்றியது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

அது லேசுப்பட்ட வண்டி இல்லை. ஒரு ராஜகுமாரனுக்காகத் தனியாகச் செய்ததாம். தரகர் சத்தியம் பண்ணினார். அதனால் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: நான் வரும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம். நீயும்.

உன்
கப்பல்காரன்


மார்ச் 22

கப்பல்காரருக்கு,

தொடாதே என்று எழுதினால் தொட மாட்டேன் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

நடந்ததைச் சொல்கிறேன். தெருப்பூனை ஒன்று உங்கள் ராஜகுமாரன் வண்டியின் பின் இருக்கையில் குட்டி போட்டுவிட்டது. குட்டிகளை எடுக்கக் கதவைத் திறந்து உள்ளே போனேன். கதவு மூடிக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடியே இல்லை! வெளியே அச்சுக்காரப் பையன் மணி அடித்துவிட்டு, ஆளில்லை என்று திரும்பிப் போவதை உள்ளிருந்து பார்த்தேன். கண்ணாடியைத் தட்டினேன், அவன் காதில் விழவில்லை. கடைசியில் எதிர்வீட்டு அம்மா வந்து திறந்துவிட்டார். ஒரு மணி நேரம் நானும் பூனையும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இன்னொரு முறை மாட்டிக்கொள்ள முடியாது இல்லையா? அதற்காகத்தான் கைப்பிடி செய்தேன். முன்கதவில் ஒன்று மிச்சமிருந்தது. அதற்கு மெழுகில் நகல் எடுத்து, அச்சு மாவில் புதைத்து, சூளையில் வைத்து மெழுகை வெளியேற்றி, பல் செட்டின் கம்பிக்கு ஊற்றும் அதே உலோகத்தை ஊற்றினேன். இது துருப்பிடிக்காது, முலாமும் வேண்டாம். தேய்த்து எடுத்ததும் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் கர்வமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

தகரம் தட்டுகிறவரையும் கூப்பிட்டேன். சுத்தியல் சத்தத்திலேயே காலம் கழித்தவர், அதனால் எதையும் கத்தித்தான் பேசுவார். தெருவில் அவர் பெயரே 'ஒலிபெருக்கி'. அவர் கதவோரம் கொஞ்சம் சுரண்டிக் காட்டினார். நீலத்துக்குக் கீழே வெளிர் மஞ்சள், அதற்கும் கீழே அடர்ந்த திராட்சை நிறம். "மூணு பேர் கை மாறியிருக்கும்மா!" என்று தெருவுக்கே அறிவித்தார். "இந்த நீலம் இருக்கே, இது கார் பெயின்டே இல்ல! வீட்டுக் கதவுக்கு அடிக்கிறது! பிரஷ்ல அடிச்சிருக்காங்க!"

எந்த ராஜகுமாரன் பிரஷ்ஷால் பெயின்ட் அடித்தான்?

இன்னொன்று. டிரைவருக்கும் பின்னால் உட்காருகிறவர்களுக்கும் நடுவே மரத்தடுப்பு இருக்கிறதல்லவா? அதில் யாரோ ரம்பத்தால் ஒரு வட்ட ஓட்டை போட்டு, ஓரத்தில் தோல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். என் தலை நுழையும். (நுழைத்துப் பார்த்தேன்.) இருக்கைக்கு அடியில் தேன் நிறத்தில் ஒரு கட்டி கிடந்தது. மெழுகு என்று நினைத்து என் விளக்கில் காட்டினேன். உருகாமல் புகைந்தது, மரப்பிசின் வாசனை. இதெல்லாம் என்னவென்று தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். வண்டி உருளும் நிலைக்கு வந்தால் போதும். வாசலை விட்டுப் போனால் போதும். துணி காயவேண்டும். எஞ்சின் இறுகிக் கிடக்கிறது, அசையவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

வீட்டில் இருப்பவள்


ஏப்ரல் 10

பூனையோடு சிறையிருந்தவளுக்கு,

எஞ்சின் இறுகினால் அவசரப்படக் கூடாது. நான் சொல்கிறபடி செய். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்று. ஒவ்வொரு சிலிண்டரிலும் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் பாதிப் பாதி கலந்து, ஒரு கரண்டி ஊற்று. ஒரு வாரம் அதன் பக்கமே போகாதே. பிறகு மறுபடி ஊற்று. முன்பக்கம் நுழைக்கும் கைப்பிடிக் கம்பி இருக்கையின் கீழ் இருக்கும். அதை மாட்டி மெதுவாக முன்னும் பின்னும் அசை. முறுக்காதே. குழந்தையை எழுப்புகிற மாதிரி எழுப்ப வேண்டும். ஒலிபெருக்கியை அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் விடாதே, பலத்தைக் காட்டி உடைத்துவிடுவார்.

அந்தக் கைப்பிடியைப் பற்றி நீ எழுதியதை இங்கே சமையல்காரருக்கும் படித்துக் காட்டினேன். பல் செட் உலோகத்தில் கார் கைப்பிடி! ஓட்டை என்னவாக இருக்கும் என்று சாப்பாட்டு மேஜையில் பந்தயம் நடக்கிறது. நாய் தலையை நீட்டுவதற்கு என்கிறார் தலைமை எஞ்சினியர். ராஜகுமாரன் டிரைவருக்கு வெற்றிலை கொடுப்பதற்கு என்கிறேன் நான்.

கப்பல்காரன்


ஏப்ரல் 18

வீட்டில் இருப்பவளுக்கு,

போன கடிதத்தைச் சந்தோஷமாகப் போட்டுவிட்டேன். அப்புறம் உன் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். வாசலை விட்டுப் போனால் போதும் என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை கைப்பிடிதான் கண்ணில் பட்டது, அந்த வரி படவில்லை. உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்ததும் போதாது என்று, உன் தலையில் ஒரு சுமையையும் ஏற்றிவிட்டு, இங்கிருந்துகொண்டு வைத்தியமும் சொல்கிறேன்.

கேப்டனின் மைத்துனர் பழைய வண்டிகள் சேகரிக்கிறவர். ராஜகுமாரன் கதையைக் கேட்டதும் உடனே வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். மே எட்டாம் தேதி ஆட்களோடும் லாரியோடும் வருவார். கொடுத்துவிடு. எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது பெரிதில்லை. உன் கொடியில் துணி காய்ந்தால் சரி.

கப்பல்காரன்


மே 3

கப்பல்காரரே,

சந்தோஷமான செய்தி! பந்தயத்தில் நீங்களும் தோற்றீர்கள், உங்கள் தலைமை எஞ்சினியரும் தோற்றார்!

அந்தப் பிசின் கட்டியைக் கடைத்தெருவில் வாத்தியக் கருவிகள் விற்பவரிடம் காட்டினேன். "இது வயலின் வில்லுக்குத் தேய்க்கிறதும்மா," என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். வண்டியைப் பற்றிச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். "நீல வண்டியா? நீளமா? அது வயலின் டீச்சரோட வண்டியாச்சே!"

வயலின் டீச்சர் மறுநாளே வந்தார். வெடுக்கென்று நடக்கிற, வெட்டின தலைமுடியோடு ஒரு பெண்மணி. இப்போதும் பாடம் எடுக்கிறார். முற்றத்தில் வண்டியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு, "அடி கழுதை, நீ இன்னும் சாகலையா?" என்று அதன் மூக்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதை இதுதான். ராஜகுமாரன் யாரும் கிடையாது. முதலில் வாங்கியவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை முதலாளி. திராட்சை நிறம் அவருடையது. ஊரிலேயே பெரிய வண்டி வேண்டும் என்று கப்பலில் வரவழைத்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, வண்டியில் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும் என்று. தெருமுனைகூடத் தாங்க மாட்டார். ஆனால் வண்டி தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் கௌரவம் என்னாவது? அதனால் தினமும் காலையில் வண்டி காலியாக முன்னால் போகும், முதலாளி பின்னால் சைக்கிளில் போவார்!

பிறகு ஒரு ஹோட்டல் வாங்கி, வெளிர் மஞ்சள் அடித்து, புதுமணத் தம்பதிகளை ஏற்றியது. ஹோட்டல்காரர்களிடமிருந்து வாங்கியவர்கள் டீச்சரும் அவர் தோழிகளும். ஐந்து பெண்கள் சேர்ந்த இசைக்குழு. ஊர் ஊராகப் போய் வாசிப்பார்கள். நின்றுகொண்டு வாசிக்கிற ஆள் உயர வயலின் ஒன்று இருக்கிறதல்லவா, அது பின்னால் நுழையவில்லை. டீச்சரே தடுப்பை ரம்பத்தால் அறுத்தாராம். அதன் கழுத்து ஓட்டை வழியாக வந்து டிரைவருக்குப் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டிருக்குமாம். "வண்டிக்குள்ள ஒட்டகத்தை ஏத்திட்டுப் போறாங்கன்னு சொல்லாத ஊரே கிடையாது," என்றார். வீட்டுக் கதவுக்கு வாங்கி மிஞ்சிய நீலத்தைப் பிரஷ்ஷால் அடித்தவர்களும் அவர்களேதான். "ஹோட்டல் மஞ்சளைப் பார்த்துட்டு வழியில எல்லாரும் மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டாங்க. அதான்," என்றார்.

மழையில் ஒரு பாலத்தில் நின்றுபோனபோது, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கச்சேரி நடத்தினார்களாம். பாலத்தில் மாட்டிக்கொண்ட பஸ்களில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலைத் திறந்து கேட்டார்களாம். இதைச் சொல்லும்போது டீச்சர் பின் இருக்கையிலும் நான் முன் இருக்கையிலும் இருந்தோம். ஓட்டை வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

உங்கள் கடிதப்படி எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் விட்டேன். நேற்று கம்பியை மாட்டி அசைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி அசைத்தேன். அடியில் எங்கேயோ 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. கம்பி ஒரு விரல் கனம் நகர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தச் சத்தத்துக்காகத்தான் நீங்கள் கடலுக்குப் போகிறீர்களா? இதை முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாமே!

அடுத்து என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்
பல்காரி


மே 9

ஐயா கப்பல்காரரே,

கேட்காமல் வாங்கினீர்கள். இப்போது கேட்காமல் விற்கவும் செய்கிறீர்களா?

நம் கடிதங்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீங்கள் எனக்காக வண்டியை விற்றுக்கொண்டிருந்தபோது, நான் இங்கே உங்களுக்காக, சரி, எனக்காகவும்தான், அதன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பதினெட்டாம் தேதிக் கடிதம் எனக்குக் கிடைத்தது ஏழாம் தேதி மாலை. மறுநாள் வாசலில் லாரி.

கேப்டனின் மைத்துனர் வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அருமை, அருமை" என்றார். "இந்த ஓட்டையை அடைச்சிடலாம். நீலத்தைச் சுரண்டிட்டு மறுபடி ராஜா வண்டி மாதிரி பண்ணிடலாம்."

"ராஜா யாரும் இல்ல," என்றேன். "பிஸ்கட்."

"என்னது?"

டீச்சரும் அங்கே இருந்தார். இருவருமாகச் சேர்ந்து கதையைச் சொன்னோம். மனுஷர் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். சைக்கிளில் போன முதலாளியைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்! இன்னும் அதிகமாக ஆசைப்பட்டுவிட்டார். பேசி முடித்த பேச்சு என்று அவர் சொன்னால் நான் என்ன சொல்வேன்?

அதனால் பேசாமல் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "இது எங்க வீட்டு வண்டி. அவர் பாதிதான் விக்க முடியும். என் பாதியில நான் உட்கார்ந்திருக்கேன்," என்றேன்.

"ஓடுமா?" என்று கேட்டார்.

"தள்ளினா தெரியும்."

தினமும் கம்பியை அசைத்து அசைத்து எஞ்சினை முழுச் சுற்றுக்குக் கொண்டுவந்திருந்தேன்; பேட்டரி புதிது, டயர்களுக்குக் காற்று அடித்து, பெட்ரோலும் ஊற்றியாயிற்று. பிரேக்கை ஒலிபெருக்கி சரிசெய்திருந்தார். தெரு சரிவில் இறங்குகிறது. இதுவரை தள்ளிப் பார்க்க ஆள் போதவில்லை. நேற்று டீச்சர், ஒலிபெருக்கி, லாரிக்காரர்கள், எதிர்வீட்டு அம்மா, எல்லோரும் தள்ளினார்கள். வெள்ளைப் பேன்ட்டும் நடுவில் நின்று தள்ளியது. "கியரைப் போடும்மா!" என்று ஒலிபெருக்கி கத்தினார். போட்டேன். வண்டி ஒருமுறை குலுங்கியது, இருமியது, நின்றுவிடும் போல இருந்தது. பிறகு எட்டும் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டன. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

தெருமுனை வரை போய், திருப்பத் தெரியாமல் திருப்பி, மேலே வந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை வருடப் புகைக்கரியும் அந்த வெள்ளைப் பேன்ட்டின் மேல்தான் இருந்தது. மனுஷர் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டு, "இந்த வண்டியை நான் வாங்கினா எனக்குத் தூக்கம் வராதும்மா. உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார். பின் இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கும்போது கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "இது எங்க கிடைச்சது?" நான் என் சூளையைக் காட்டினேன். அவ்வளவுதான். அவருடைய வண்டிகளில் விட்டுப்போன கைப்பிடி, பொத்தான், சின்னம் எல்லாவற்றையும் அடுத்த வாரம் அனுப்புகிறாராம். அவருடைய நண்பர்களும் அனுப்புவார்களாம்.

என் வேலை அறையில் இப்போது பல் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். உலோகம் நான் ஊற்றுவேன். தகரத்தை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்வார். எஞ்சினுக்குத்தான் ஆள் இல்லை. கரையில் உட்கார்ந்தால் உனக்குத் தொந்தரவாக இருப்பேன் என்று எழுதினீர்கள். தொந்தரவு பண்ண ஆள் இல்லாமல்தான் நான் இத்தனை வருடம் பூனையோடு பேசிக்கொண்டிருந்தேன். மேஜை கிடையாது, சுவரில் கடிகாரமும் கிடையாது. கை நிறைய கிரீஸ் இருக்கிறது. வருகிறீர்களா, வேறு ஆளைப் பார்க்கட்டுமா?

துணியை மொட்டை மாடியில் காயப்போடுகிறேன். அங்கே வெயில் நன்றாகவே வருகிறது.

உங்கள்
பல்காரி


மே 29

என் முதலாளி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்த அன்று நான் வேலையே செய்யவில்லை. எஞ்சின் கிளம்பிய இடத்தை மட்டும் எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். எட்டும் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டன என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. தலைமை எஞ்சினியர் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மீதியை அவர் படித்தார். சமையல்காரர் கைதட்டினார்.

நான் உனக்கு ஒரு எஞ்சினை விட்டுவிட்டு வந்தேன். நீ அதைக் கிளப்பியும் விட்டாய். கரையில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தவன், இப்போது எனக்கு முன்னால் எல்லா வேலையையும் நீயே முடித்துவிடுவாயோ என்று பயப்படுகிறேன். அந்த இருமலைப் பற்றி எழுதினாயே, அது வால்வு. தொடாதே. இந்த முறை நிஜமாகவே சொல்கிறேன், அது ஒன்றையாவது எனக்கு வை.

ஓட்டையை அடைக்க விடாதே. நீலத்தையும் சுரண்ட வேண்டாம். கதவோரம் ஒலிபெருக்கி சுரண்டிக் காட்டிய இடமும் அப்படியே இருக்கட்டும். பிஸ்கட்காரரும் ஹோட்டல்காரரும் அங்கே கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

ஜூன் கடைசியில் கப்பல் நம் கரைக்கு வருகிறது. பெட்டிகளைக் கட்டிவிட்டேன். அறைச் சுவரில் ஒட்டியிருந்த உன் படத்தையும் எடுத்தாயிற்று. இந்த முறை எதையும் விட்டுவிட்டு வரவில்லை.

நேற்று கேப்டன் புது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பேனாவையும் நீட்டினார்.

"மன்னிக்கணும் சார். எனக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிருக்கு," என்றேன்.

"எந்தக் கம்பெனி?"

"இன்னும் பேர் வைக்கலை சார்."

"ஆளுங்க எப்படி?"

"ஒருத்தர் கத்துவார். ஒருத்தங்க வயலின் வாசிப்பாங்க."

"முதலாளி?"

"கோபக்காரங்க சார்," என்றேன். "போனைக்கூட எடுக்க மாட்டாங்க."

கேப்டன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்புறம் ஏன்யா இப்படிச் சிரிச்சிக்கிட்டே நிக்கிறே?" என்றார்.

உன்
எஞ்சின் ஆள்